அடுத்தவர் போனில் மனதைப் படிக்கும் வித்தை

கேள்வி இதுதான்: ஆப் எதையும் விலைக்கு வாங்காமல், எதிரில் இருப்பவரின் ஸ்மார்ட்போனையே கேட்டு வாங்கி, அவர் மனதில் நினைத்ததைச் சொல்லும் மேஜிக்கைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். ஆனால் தொடங்குகிற பலர் முதல் அடியிலேயே தவறான பக்கம் திரும்பிவிடுகிறார்கள். போனை வாங்கியதும் அதற்குள் என்னென்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். எதைத் திறப்பது, எதை எட்டிப் பார்ப்பது, எதை மறைத்து வைப்பது என்று மூளை ஓடுகிறது. இந்த வித்தையின் பலம் போனுக்குள் இல்லை. அது உங்களுடைய போன் இல்லை என்பதில் இருக்கிறது. உங்கள் போனில் எந்த அதிசயத்தைக் காட்டினாலும், "ஏதோ ஆப் போட்டு வைத்திருக்கிறார்" என்ற ஒரே வரியில் எதிராளி அதைத் தீர்த்துவிடுவார். அவருடைய போன் என்றால் அந்த விளக்கம் எடுபடாது. ஆகவே அதை நீங்கள் எவ்வளவு குறைவாகத் தொடுகிறீர்களோ, அவ்வளவுக்கு வித்தை பலமாகும். தொடவே இல்லை என்றால் இன்னும் உத்தமம்.

அதனால் நான் முதலில் சொல்லித் தருவது, ரகசியம் போனில் இல்லாத வித்தைகளை. கணக்கில் இருக்கலாம், பேச்சில் இருக்கலாம், தொலைவில் இருக்கும் ஒரு கூட்டாளியிடம் இருக்கலாம். போன் வெறும் சாட்சி.

கணக்கிலிருந்து தொடங்கலாம். எல்லாப் போனிலும் கால்குலேட்டர் இருக்கிறது. அதை வைத்துச் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, மறைத்த இலக்கத்தைச் சொல்வது. பார்வையாளர் தன் போனில் ஏதாவது ஒரு 4 இலக்க எண்ணைத் தட்டுகிறார். தொடர்புப் பட்டியலில் கண்ணில் பட்ட யாரோ ஒருவருடைய எண்ணின் கடைசி 4 இலக்கம் என்று சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும், எண் எங்கிருந்தோ வந்ததாகத் தோன்றாது. அதே 4 இலக்கங்களை மனதுக்குள் கலைத்து வேறு ஓர் எண்ணாக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறார். வந்த விடையைத் தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு 3 இலக்க எண்ணால் பெருக்குகிறார். நீங்கள் திரும்பி நிற்கிறீர்கள். இப்போது திரையில் இருக்கும் நீண்ட எண்ணில் ஓர் இலக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை எந்த வரிசையிலும் வாசிக்கச் சொல்கிறீர்கள். அவர் வாசித்து முடித்ததும், மனதில் வைத்தது எது என்று சொல்கிறீர்கள்.

எப்படி? ஒரு எண்ணின் இலக்கங்களை எப்படிக் கலைத்தாலும், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் 9 ஆல் வகுபடும். அதை எதனால் பெருக்கினாலும் 9 இன் மடங்குதான் வரும். 9 இன் மடங்கின் இலக்கங்களைக் கூட்டினாலும் 9 இன் மடங்கே. அவ்வளவுதான். ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள்: 7316, கலைத்தால் 1367. வித்தியாசம் 5949. அதை 284 ஆல் பெருக்கினால் 1689516. அவர் 8 ஐ மனதில் வைத்துக்கொண்டு 1, 6, 9, 5, 1, 6 என்று வாசிக்கிறார். கூட்டினால் 28. அடுத்த 9 இன் மடங்கு 36. குறைவது 8.

கூட்டலை அவர் வாசிக்க வாசிக்கவே செய்யப் பழக வேண்டும். பெரிய எண்ணாகச் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். 9 வந்தால் கண்டுகொள்ளாமல் விடுங்கள், கூட்டல் 9 ஐ எட்டினாலோ தாண்டினாலோ 9 ஐக் கழித்துவிடுங்கள். மேலே சொன்னதில் 1, 7, (9 ஐ விட்டுவிட்டோம்), 12 என்றால் 3, பிறகு 4, 10 என்றால் 1. கடைசியில் கையில் இருப்பது 1. அதை 9 இலிருந்து கழித்தால் 8. இதற்கு விரல் விட்டு எண்ணும் முகபாவம் தேவையில்லை, சில நாள் பழகினால் எதிராளியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

ஒரே ஓர் ஓட்டை உண்டு. கடைசியில் மிச்சம் எதுவும் இல்லாமல் போனால் அவர் நினைத்தது 0 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். அதனால் முன்பே, "பூஜ்ஜியம் வேண்டாம், அதை நினைப்பதற்கு ஒன்றுமே இல்லை" என்று போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். அப்புறம் 5555 மாதிரி ஒரே இலக்கமாக எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கழித்தால் 0 வந்து நிற்கும்.

இதையே வேறு விதமாகவும் சொல்லித் தருவார்கள்: ஒற்றை இலக்கங்களைத் தோன்றியபடி பெருக்கிக்கொண்டே போகச் சொல்வது. 9 ஒரு முறை வந்தாலோ, 3 அல்லது 6 இரண்டு முறை வந்தாலோ மொத்தம் 9 இன் மடங்காகிவிடும். உண்மைதான். ஆனால் 7 இலக்கங்களைப் பெருக்கினால் அப்படி அமைய ஏறக்குறைய 80 சதவீத வாய்ப்புதான், 12 ஆக்கினால் 96 ஐ எட்டும். 12 முறை தட்டுவதற்குள் கூட்டம் கொட்டாவி விடும். எண் நீண்டுகொண்டே போனால் சில கால்குலேட்டர்கள் கடைசி இலக்கங்களைச் சுருக்கிக் காட்டவும் தொடங்கிவிடும், அப்போது கணக்கே போயிற்று. நான் மேலே சொன்ன முறையில் விடை 7 இலக்கத்தைத் தாண்டாது, தவறவும் தவறாது.

கால்குலேட்டர் என்றதும் பலர் கேட்பது இன்னொரு வித்தையை. கூட்டத்தில் உள்ளவர்கள் ஆளுக்கோர் எண்ணாகத் தட்டிப் பெருக்குவார்கள். கடைசியில் வரும் விடை அன்றைய தேதியாகவும் அந்த நிமிடத்தின் நேரமாகவும் இருக்கும். பார்க்க அபாரமாக இருக்கும். உள்ளே நடப்பது இதுதான்: விரும்பிய எண்ணை முன்கூட்டியே கால்குலேட்டருக்குள் ஒளித்து வைத்துவிட்டு, பிறகு தட்டப்படும் எதுவும் அதை மாற்ற முடியாதபடி செய்துவிடுவது. இதற்குப் போன் உங்கள் கைக்கு ஒரு முறை வர வேண்டும், திரையில் பழைய கணக்கு தெரியவும் கூடாது. ஐபோன் கால்குலேட்டர் கடைசியாகத் தட்டிய எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது கொடிகட்டிப் பறந்தது. 2024 இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 18 இல் கால்குலேட்டர் முழுக் கணக்கையும் வரிசையாகக் காட்டத் தொடங்கியது. ஒரே அப்டேட்டில் ஒரு வித்தைக்கு மூச்சு நின்றுபோனது. போனுக்குள் ரகசியத்தை வைத்தால் அதன் ஆயுள் உங்கள் கையில் இருக்காது என்று நான் சொல்வது இதனால்தான். 9 இன் கணக்கை எந்த அப்டேட்டும் தொட முடியாது.

1089 கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது 2 வித்தியாசம் உள்ள 3 இலக்க எண்ணைத் திருப்பிப் போட்டுக் கழித்து, விடையைத் திருப்பிப் போட்டுக் கூட்டினால் 1089. தயவுசெய்து செய்யாதீர்கள். எதிராளி கையிலேயே போன் இருக்கிறது, அந்த 4 இலக்கத்தைத் தேடினால் முழு விளக்கமும் வந்துவிடும். விடை எப்போதும் ஒன்றேதான் என்ற வித்தைகளுக்கெல்லாம் இந்த ஆபத்து உண்டு. அவற்றைத் தனியாகக் காட்டக் கூடாது, வேறொன்றுக்குள் புதைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

புதைப்பதற்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது. மென்டலிஸ்டுகள், அதாவது மனதைப் படிப்பதாகக் காட்டும் வித்தைக்காரர்கள், நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் 'ஒரு படி முன்னால்' உத்தி. மூன்று துண்டுச் சீட்டுகள். பார்வையாளர் தன் தொடர்புப் பட்டியலை வேகமாக உருட்டி, நின்ற இடத்தில் உள்ள பெயரை நினைத்துக்கொள்கிறார். நீங்கள் அவரை உற்றுப் பார்த்துவிட்டு முதல் சீட்டில் எழுதி மடித்துக் கோப்பையில் போடுகிறீர்கள். "யார்?" என்று கேட்கிறீர்கள். "மாலதி." "சரி." அடுத்து, வானிலை ஆப்பைத் திறந்து உலகத்தில் ஏதாவது ஓர் ஊரைப் பார்க்கச் சொல்கிறீர்கள். எழுதி, மடித்து, போடுகிறீர்கள். "எந்த ஊர்?" "நைரோபி." மூன்றாவது, கால்குலேட்டரில் இனிமேல் வரப்போகும் எண். அது வருவதற்கு முன்பே எழுதிப் போட்டுவிடுகிறீர்கள். பிறகு அவர் கணக்குப் போடுகிறார். சீட்டுகளைப் பிரித்தால் மாலதி, நைரோபி, 13. மூன்றும் சரி.

முதல் சீட்டில் நீங்கள் எழுதியது பெயரை அல்ல, 13 ஐ. இரண்டாவதில் எழுதியது ஊரை அல்ல, சற்றுமுன் அவர் வாயால் சொன்ன மாலதியை. மூன்றாவதில் நைரோபி. அந்த 13 எங்கிருந்து வந்தது? 3 இலக்க எண்ணை இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டச் சொல்லுங்கள், 482482 மாதிரி. 7 ஆல் வகுத்தால் 68926. 11 ஆல் வகுத்தால் 6266. முதலில் நினைத்த 482 ஆல் வகுத்தால் 13. இரண்டு முறை தட்டுவது 1001 ஆல் பெருக்குவதற்குச் சமம், 1001 என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கல். தனியாகக் காட்டினால் பள்ளிக்கூடக் கணக்காகத் தெரியும். ஒரு பெயருக்கும் ஓர் ஊருக்கும் பின்னால் மூன்றாவதாக வரும்போது யாரும் அதைக் குடைவதில்லை, எல்லோரும் மாலதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். சீட்டுகள் ஒரே அளவில், ஒரே மாதிரி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். கோப்பையை ஒரு குலுக்குக் குலுக்கி, மூன்றையும் ஒன்றாக மேசையில் கொட்டிவிட்டு அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன்னால் கேட்காதீர்கள், எழுதி மடித்த பிறகே கேளுங்கள். இந்த வரிசை பிசகினால் வித்தை இல்லை.

அடுத்தது சொற்களை வைத்து ஒன்று. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச ஆசை, ஏனென்றால் தமிழில் இதைச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மார்ட்டின் க்ருஸ்கல் என்ற அமெரிக்கக் கணித இயற்பியலாளர் கண்டுபிடித்த எண்ணும் முறை இது. பார்வையாளர் தன் போனில் ஓர் உரைப் பகுதியைத் திறக்கிறார். முதல் சில சொற்களில் ஏதாவது ஒன்றை மனதுக்குள் எடுத்துக்கொள்கிறார். அந்தச் சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை சொற்கள் தள்ளிப் போகிறார். அங்கே உள்ள சொல்லின் எழுத்துகளை எண்ணி, மறுபடி அத்தனை சொற்கள் தள்ளிப் போகிறார். பகுதி முடியும்வரை இப்படியே. இனி நகர முடியாது என்று நிற்கும் கடைசிச் சொல்லை நினைத்துக்கொள்கிறார். நீங்கள் அதைச் சொல்லிவிடுகிறீர்கள்.

கீழே உள்ள வரியில் நீங்களே செய்து பாருங்கள். முதல் 9 சொற்களில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். உயிர்மெய் ஓர் எழுத்து, புள்ளி வைத்த மெய்யும் ஓர் எழுத்து. 'போய்' என்றால் 2, 'என்று' என்றால் 3.

நீ வா என்று சொன்னால் வருவேன். போ என்றால் உடனே போய் விடுவேன். மழை வந்தாலும் நிற்க மாட்டேன்.

நீங்கள் இப்போது 'நிற்க' என்ற சொல்லில் நிற்கிறீர்கள். 'நீ' யில் தொடங்கியிருந்தால் வா, என்று, போ, என்றால், மழை, நிற்க என்று வந்திருப்பீர்கள். 'வருவேன்' இல் தொடங்கியிருந்தால் போய், மழை, நிற்க. வெவ்வேறு இடத்தில் புறப்பட்ட பாதைகள் ஏதாவது ஒரு சொல்லில் ஒரு முறை முட்டிக்கொண்டால் போதும், அதற்குப் பிறகு பிரிய வழியில்லை. இந்த வரியில் எல்லாம் 'மழை' யில் சேர்கின்றன. இது நான் வேண்டுமென்றே கட்டிய வரி. ஆனால் உரை நீளமாக இருந்தால் தானாகவே இப்படி நடக்கும். சொல்லுக்குச் சராசரியாக 6 எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தாவலிலும் நீங்கள் முன்பே எண்ணிவைத்த பாதையோடு முட்டிக்கொள்ளச் சுமார் ஆறில் ஒரு வாய்ப்பு. 150 சொற்கள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 25 தாவல்கள் வரும். அத்தனையிலும் முட்டாமல் தப்பிப்பது நூற்றில் ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும்.

தமிழில் ஒரு சிக்கல், சொற்கள் நீளமானவை. 'எடுத்துக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே சொல் 14 எழுத்து, அதில் கால் வைத்தால் பாதி வரியைத் தாண்டிவிடுவார். அதனால் கட்டுரை நடையை விட்டுவிட்டு, உரையாடல் நிறைந்த கதைப் பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். இன்னும் ஒரு படி மேலே போகலாம். இணையத்தில் மாறாமல் ஒரே வடிவில் கிடைக்கும் பழைய உரை ஒன்றை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் முதல் 10 சொற்களின் பாதைகளையும் போட்டுப் பாருங்கள். பத்தும் ஒரே இடத்தில் முடிகிற பகுதி கிடைக்கும்வரை தேடுங்கள். கிடைத்துவிட்டால் அதற்குமேல் வாய்ப்புக் கணக்கே இல்லை. மேடையில் அந்தப் பக்கத்தைப் பார்வையாளர் தன் போனில் தானே தேடித் திறக்கிறார். நீங்கள் அறையின் மறுகோடியில் நிற்கலாம். பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான், அவர் தவறாக எண்ணிவிடக் கூடாது. முதல் இரண்டு தாவல்களை வேறொரு பத்தியில் சேர்ந்து செய்துகாட்டிவிட்டு, பிறகு தனியாக விடுங்கள். சொல்லைச் சொல்லும்போதும் மொத்தமாகப் போட்டு உடைக்காதீர்கள். 'மழை', 'கடல்' போன்ற படமாகத் தெரியும் சொல்லில் முடிகிற பகுதி என்றால், ஈரம், சத்தம் என்று சுற்றி வந்து சேரலாம். 'ஆகையால்' இல் முடிகிற பகுதியை வைத்துக்கொண்டு மனதைப் படிப்பதாக நடிப்பது கஷ்டம்.

இனி கூட்டாளி வேண்டியவை. பார்வையாளர் சீட்டுக்கட்டில் உள்ள ஒரு சீட்டின் பெயரைச் சொல்கிறார், தன் போனிலிருந்து நீங்கள் கொடுக்கும் எண்ணுக்கு அழைக்கிறார், மறுமுனையில் முன்பின் தெரியாத ஒருவர் அந்தச் சீட்டைச் சொல்கிறார். கம்பிவழித் தொலைபேசிக் காலத்திலிருந்து இருக்கும் வித்தை. பழைய முறையில் நீங்கள் முதலில் போனை வாங்கி, "சாமியார் இருக்காரா?" என்பது போல ஏற்கெனவே பேசிவைத்த ஒரு வரியைச் சொல்வீர்கள். மறுமுனையில் கூட்டாளி மெதுவாக "ஏஸ், இரண்டு, மூன்று..." என்று அடுக்குவார். சரியான இடத்தில் நீங்கள் "ஹலோ" என்று குறுக்கிடுவீர்கள். அடுத்து "ஸ்பேடு, ஆட்டின், டைமண்ட், கிளாவர்" என்று அடுக்குவார். மறுபடி ஒரு குறுக்கீடு. "இதோ பேசுங்கள்" என்று போனை நீட்டுவீர்கள்.

இன்றைய போனில் இதற்கு மூன்று எதிரிகள். ஸ்பீக்கர் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்டுவிடும். சிலருடைய போனில் அழைப்புகள் தானாகவே பதிவாகும், அவர் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டால் கூட்டாளி ஏஸ் முதல் எண்ணுவது அப்படியே இருக்கும். மூன்றாவது, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடும் பழக்கம். கூட்டாளிக்கே கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விடும்.

அதனால் இப்போது குறுஞ்செய்திதான் நல்லது. பார்வையாளரே டைப் செய்கிறார், நீங்கள் சொல்லச் சொல்ல. செய்தி இப்படி இருக்கலாம்: "வணக்கம் சேகர், நான் ஒரு சீட்டை நினைத்திருக்கிறேன். எது என்று சொல்ல முடியுமா?" இதில் தொடக்கச் சொல் நான்கில் ஒன்று: வணக்கம், ஹலோ, ஹாய், அல்லது எதுவும் இல்லாமல் நேராகப் பெயர். அது சீட்டின் ஜாதியைச் சொல்லும். பெயர் 13 இல் ஒன்று, ஏஸ் முதல் ராஜா வரை. கூட்டாளியின் உண்மைப் பெயர் பார்வையாளருக்குத் தெரியாது என்பதால் எந்தப் பெயரும் பொருந்தும். நாலு பதின்மூன்று 52, முழுக் கட்டும் அடங்கிவிட்டது. இந்தச் செய்தி அவர் போனிலேயே இருக்கும், திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பார், ஒன்றும் அகப்படாது. ஒரு சின்ன விஷயம் மட்டும்: வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சேமிக்காத எண்ணாக இருந்தாலும் மறுமுனையில் இருப்பவர் வைத்திருக்கும் பெயர் தெரியக்கூடும். கூட்டாளி தன் பெயரை ஒற்றை எழுத்தாகவோ ஒரு குறியாகவோ மாற்றி வைத்திருக்க வேண்டும். 'சேகர்' என்று அழைத்துவிட்டு மேலே 'ரமேஷ்' என்று தெரிந்தால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இந்த மாதிரி ரகசியக் குறிகள் புதிதல்ல. ஜூலியஸ், ஆக்னஸ் ஜான்சிக் தம்பதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டத்துக்குள் ஒருவரும் மேடையில் ஒருவருமாக நின்று, பார்வையாளரின் கைப்பொருள்களைச் சொற்குறிகளாலேயே கடத்தினார்கள். 1949 இல் பிபிசி வானொலியில் பிடிங்டன் தம்பதி எண்ண அலைகளைக் கடத்துவதாக நிகழ்ச்சி செய்தபோது, அது உண்மையா வித்தையா என்பதை நேயர்களின் தீர்ப்புக்கே விட்டுவிட்டார்கள். இன்று கூட்டாளி வேறு கண்டத்தில் இருக்கலாம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

பார்வையாளர் தன் போனில் எதையாவது தேட, அது உங்களுக்குத் தெரிந்துவிடும் வகை வித்தைகளையும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை விலைக்கு விற்கப்படுபவை, பின்னால் ஓர் இணையப் பக்கம் வேலை செய்கிறது. அவற்றின் உள்வேலையை இங்கே விரிக்க மாட்டேன், உருவாக்கியவர்களின் பிழைப்பு அது. ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தொடங்குபவருக்கு அவை வேண்டாம். இணைய இணைப்பு மோசமாக இருந்தால் படுத்துவிடும். அதைவிட, அடுத்தவர் போனில் அவர் தட்டுவதை உங்களிடம் கொண்டுவரும் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. செய்வதாக இருந்தால், ஒரு மிருகம், ஒரு நாடு என்று சாதாரணமான சொல்லை மட்டும் தட்டச் சொல்லுங்கள், முடிந்ததும் அந்தப் பக்கத்தை அவர் கண் முன்னாலேயே மூடிவிடுங்கள். கியூஆர் குறியை அவரே ஸ்கேன் செய்து கணிப்பைப் படிக்கும் முறை இதைவிடச் சுத்தம், போன் அவர் கையை விட்டு வருவதே இல்லை.

கணிப்பை முன்கூட்டியே செய்தியாக அனுப்பி வைப்பதும் அழகான முடிவு. "உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் திறக்காதீர்கள்" என்று தொடங்கி, கடைசியில் திறக்கச் சொல்வது. செய்தியில் நேரம் பதிவாகியிருக்கும், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதற்குப் பொருத்தமாக மனதைத் தள்ளிவிடும் பழைய கேள்வி ஒன்று: "1 முதல் 50 க்குள் ஓர் இரண்டு இலக்க எண், இரண்டும் ஒற்றைப்படை, இரண்டும் வேறு வேறு, 15 மாதிரி." சுதந்திரமாகக் கேட்கிற மாதிரி இருக்கிறது. உண்மையில் மிஞ்சுவது 13, 17, 19, 31, 35, 37, 39 என்ற ஏழுதான், அதிலும் மற்ற எதையும்விட அதிகம் பேர் 37 க்குப் போவார்கள், அடுத்தபடியாக 35 க்கு. "முதலில் 35 என்று தோன்றியது, பிறகு 37 என்று மாறிவிட்டது" என்று எழுதி அனுப்பினால் இரண்டுக்கும் பதில் இருக்கும். முழு வித்தையை இதன் தலையில் கட்டாதீர்கள், தவறும் நாள் கட்டாயம் வரும். ஆரம்பத்தில் ஒரு சூடேற்றலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் வழிமுறை. மனதைப் படிக்கிறீர்கள் என்ற உணர்வைக் கொண்டுவருவது வேறு. 13 ஐயோ 37 ஐயோ சரியாகச் சொன்னால் "கெட்டிக்காரர்" என்பார்கள், அவ்வளவுதான். போனைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றிச் சில வார்த்தை சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். 1948 இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரிப்பைக் கொடுத்து, 'உனக்கென்றே எழுதியது' என்று நம்பவைத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு 5 க்குச் சராசரியாக 4 க்கும் மேல் மதிப்பெண் கொடுத்தார்கள். போனுக்கும் அப்படிச் சில வரிகள் உண்டு. "ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குவிக்கிறீர்கள், திரும்பிப் பார்ப்பதில்லை." "ஒரே காலைக்கு ஒன்றுக்கு மேல் அலாரம் வைத்திருக்கிறீர்கள்." "நீளமாக டைப் செய்துவிட்டு அனுப்பாமல் அழித்த செய்தி ஒன்று இருக்கிறது." போனைப் பார்க்காமலே சொல்லலாம், பெரும்பாலோருக்குப் பொருந்தும். "வருடக்கணக்கில் பேசாத, ஆனாலும் அழிக்காத ஓர் எண் இருக்கிறது" என்பதும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும், ஆனால் நான் அதைச் சொல்வதில்லை. அது இறந்துபோனவரின் எண்ணாக இருக்கலாம். விளையாட்டுக்கு வந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த நமக்கு உரிமையில்லை.

போனைக் கையாளும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கேதான் நல்ல வித்தைகள் கெட்டுப்போகின்றன. பூட்டை அவரே திறக்கட்டும். பூட்டைத் திறக்கும் உண்மையான பின் (PIN) எண்ணைக் கண்டுபிடிப்பதுபோலச் செய்யவே செய்யாதீர்கள், கைதட்டல் கிடைத்தாலும் அவர் அன்றிரவு நிம்மதியாக இருக்க மாட்டார். 4 இலக்கம் வேண்டுமென்றால் "உங்கள் உண்மையான பின் வேண்டாம், கற்பனையாக ஒன்று" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். தொடங்குவதற்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், நடுவில் யாரோ அனுப்பிய அந்தரங்கச் செய்தி திரையில் குதித்தால் உங்கள் வித்தையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். படங்கள் இருக்கும் பக்கம் போகாதீர்கள். போனை வாங்க நேர்ந்தால் மேசையில், திரை மேலே தெரிய, எல்லோர் கண்ணுக்கும் படும்படி வையுங்கள். பாக்கெட் பக்கமோ முதுகுப் பக்கமோ போகவே கூடாது. திரையில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் வாங்கும்போதே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

முதல் முறை செய்கிறவர் என்றால் மறைத்த இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு இல்லை, கூட்டாளி இல்லை, போன் கைக்கு வர வேண்டியதில்லை. முடிந்ததும் "இன்னொரு தடவை" என்பார்கள். மற்ற எதையும் திரும்பச் செய்யக் கூடாது. இதை மட்டும் ஒரு முறை செய்யலாம், வேறொருவர் போனில். இரண்டாவது முறை அவர் பெருக்கலை முடித்ததும் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள், மிச்ச இலக்கங்களைக் கதவுக்கு வெளியே கேட்கும்படி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறை கேட்டால் பேச்சை மாற்றுங்கள், அங்கே யாராவது இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.